எல் கேப்பிடான் ஒரு சென்ட் பச்சை: உங்களிடம் இருப்பது எந்த வகை?

யோசெமிட்டியின் எல் கேப்பிடான் பாறையைக் காட்டும் இந்தத் தபால்தலை, 1934-ல் அமெரிக்கா வெளியிட்ட பத்துத் தலை கொண்ட தேசியப் பூங்கா வரிசையில் முதலாவது.

கே: அண்ணா, பழைய ஆல்பத்தில் ஒன்று கிடைத்தது. இதில் எத்தனை வகை?

ப: படம் ஒன்றுதான், வகை நான்கு. 1934 ஜூலை 16-ல் வந்தது ஸ்காட் 740 (ஸ்காட் என்ற தபால்தலைப் பட்டியலில் உள்ள எண்; கீழே வரும் எண்களும் அப்படியே): பசை உண்டு, நான்கு பக்கமும் துளை அளவு 11, அதாவது 2 சென்டிமீட்டருக்கு 11 துளை. அதே ஆண்டு அக்டோபர் 10-ல் ஒமாஹா கண்காட்சிக்காக ஆறு தலை கொண்ட சிறு ஷீட் வந்தது, அது 751: துளை கிடையாது, பசை உண்டு. இந்த இரண்டையும் 1935 மார்ச் 15-ல் துளையும் பசையும் இல்லாமல் விற்றார்கள். முழு ஷீட்டிலிருந்து வந்தது 756, சிறு ஷீட்டிலிருந்து வந்தது 769.

கே: சார், பசைகூடப் போடாமல் ஏன் விற்றார்கள்?

ப: போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஃபார்லி செய்த கோளாறு. துளையிடாத, பசை தடவாத ஷீட்களை அதிபர் ரூஸ்வெல்ட், அமைச்சர் இக்கிஸ் போன்றவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். ரூஸ்வெல்ட்டே பெரிய தபால்தலைப் பைத்தியம். விஷயம் வெளியே வந்ததும் சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். கடைசியில் அதே நிலையில் எல்லோருக்கும் விற்க வேண்டியதாயிற்று.

கே: துளையில்லாத ஒற்றைத் தலையை 756 என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

ப: ஒற்றையாக வாங்காதீர்கள். 740-ன் பல்லைக் கத்தரித்துப் பசையைக் கழுவிவிட்டால் பார்வைக்கு 756 மாதிரியே இருக்கும். கத்தரித்ததில் ஓரம் ஒடுங்கிப்போயிருக்கும், அதுதான் முதல் சந்தேகக் குறி. 769-ஐ ஒட்ட நறுக்கியும் 756 ஆக்கலாம். ஜோடியாகக் கேளுங்கள்: இரண்டு தலைக்கும் நடுவில் துளையே இல்லாத வெற்று இடம் இருந்தால் 740 என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த இடைவெளி குறுகலாக இருந்தால் 756, நன்றாக அகன்றிருந்தால் சிறு ஷீட்டைச் சேர்ந்தது. குறுகல் ஓரத்தை யாராலும் அகலமாக்க முடியாது என்பதால், நான்கு பக்கமும் பரந்த ஓரமுள்ள ஒற்றைத் தலையை மட்டும் சிறு ஷீட்டுடையது என்று நம்பலாம். இரண்டு பக்கம் மட்டும் அகலம் என்றால் அது 756 ஷீட்டின் மூலைத்தலையாகவும் இருக்கலாம்.

கே: என்னிடம் குறுகல் இடைவெளி உள்ள ஜோடி, ஆனால் பின்னால் பசை இருக்கிறது. போலியா?

ப: அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். 1940-ல், உரிமையாளர்கள் முழு ஷீட்டாக அனுப்பியவற்றுக்கு அஞ்சல் துறையே பசை தடவிக் கொடுத்தது. அந்த வழியில் வந்ததாக இருக்கலாம்.

கே: முத்திரை விழுந்த அகல ஓரத் தலை. 751-ஆ, 769-ஆ?

ப: உறையிலிருந்து பிரித்திருந்தால் சொல்ல வழியில்லை, பிரித்துக்காட்டுவது பசை ஒன்றுதான். உறையோடு இருந்தால் முத்திரைத் தேதியைப் பாருங்கள். 1935 மார்ச் 15-க்கு முந்தைய தேதி என்றால் 751. அதற்குப் பிந்தைய தேதி இரண்டுக்கும் பொருந்தும். இதற்காகவே உறையை நனைத்துத் தலையைக் கழற்றாதீர்கள்.

கே: 740-ஐக் கழற்றலாமா?

ப: தாராளமாக. தாளோடு வெட்டி, குளிர்ந்த தண்ணீரில் 15 முதல் 30 நிமிடம் மிதக்கவிடுங்கள். தானாக நழுவ வேண்டும்; உரித்தால் தாள் மெலிந்து மதிப்பு போய்விடும். வண்ண உறையாக இருந்தால் தனிக் கிண்ணம், இல்லையென்றால் சாயம் ஏறும். முகம் கீழாக வைத்து உலர்த்தி, பிறகு கனமான புத்தகத்தில் அழுத்துங்கள்.

கே: கிராண்ட் கேன்யன் தலையில் பிழை உண்டாமே?

ப: 1934-ன் 2 சென்ட் சிவப்பில் இல்லை. நீங்கள் கேள்விப்பட்டது 60 சென்ட் தலை. அதில் 'கொலராடோ' என்று அச்சாகி, 10 கோடிப் பிரதிகளை அழித்தார்கள். கேன்யன் இருப்பது அரிசோனாவில். திருத்தி 2000 ஜனவரியில் வெளியிட்டபோது படமே இடவலம் மாறியிருந்தது! அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகவே மாறிய படம்தான் சாதாரணப் பிரதி, அபூர்வம் என்று யாராவது விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.