துணை போன பிறகு நடக்கத் தொடங்குவது: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். 30 வருடம் பிசியோதெரபி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் தவறி 6 வருடம் ஆகிறது. துணையை இழந்தவர்கள் உடற்பயிற்சி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கோத்தகிரி பக்கத்து ஹட்டி, அதாவது படகர் கிராமம், வயது 61): அக்கா, அவர் போய் ஏழு மாதம் ஆகிறது. பிரஷர் கூடிவிட்டது, தினமும் நடங்கள் என்கிறார் டாக்டர். காலையில் எழவே மனசு வரவில்லை. ஷூ போட்டுக்கொண்டு கிளம்பினால் ஊர் பேசும் என்ற பயமும் இருக்கிறது. எதில் தொடங்குவது?

மனசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள் தங்கச்சி. எனக்கும் வரவில்லை.

நான் தாமதமாகப் புரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிறேன். இருவராக இருந்தபோது நம் நடமாட்டத்தில் பாதி அவர்களுக்காகத்தான் இருந்தது. காலையில் வெந்நீர், காபி, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, கண்ணாடி எங்கே என்று கேட்டால் எழுந்து தேடுவது. என் வீடு ரோட்டிலிருந்து 42 படி கீழே. அவர் இருந்தபோது நாளைக்கு நாலு தடவையாவது ஏறி இறங்குவேன். அவர் போன பிறகு பாலைக்கூட வாசலிலேயே வைத்துவிடச் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் பேங்குக்குக் கிளம்பினேன். 20ஆவது படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். தொடை இரண்டும் நடுங்கின. துக்கத்தில் உட்கார்ந்தே இருந்ததில் கால் சதை கரைந்திருந்தது.

அதனால் நடைக்கு முன்னால் நாற்காலியில் தொடங்குங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து நேராக நில்லுங்கள், மெதுவாக உட்காருங்கள். 30 நொடியில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் கால் பலம் சராசரிக்குக் கீழே என்று கணக்கு. நான் முதல் நாள் எண்ணியபோது 8. எண்ணிக்கை குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம். காலையில் ஐந்து, மதியம் ஐந்து, ராத்திரி ஐந்து என்று செய்யுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

அப்புறம் நடை. முதலில் பத்தே நிமிடம் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் சரி. வாரத்துக்கு 150 நிமிடமாவது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை எட்ட மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை. நடக்கத் தொடங்கிவிட்டோமே என்று பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஊர் பேச்சைப் பற்றிச் சொன்னீர்கள். அதில் எனக்குக் கோபமே உண்டு. கணவனை இழந்தவள் மூலையில் உட்கார வேண்டும் என்று நினைக்கிறவர்கள், அவள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தால் ஒரு நாள்கூடத் துணைக்கு இருக்க மாட்டார்கள். நீங்கள் கிளம்புங்கள். தெருவில் இன்னொரு பெண்ணையும் கூப்பிடுங்கள். ஒருவர் வாசலில் காத்திருக்கிறார் என்றால் கால் தானாக எழும்.

கேள்வி (ஊட்டி, வயது 68): மனைவி இறந்த பிறகு தூக்கம் இல்லை. 5 மணிக்கே நடக்கப் போய்விடுகிறேன். மேட்டில் ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்கிறான் மகன்.

சார், நாளை நடக்கப் போக வேண்டாம். முதலில் டாக்டரிடம் போய் ஈசிஜி எடுங்கள். ஏறும்போது வந்து நின்றால் போகிற இறுக்கம், இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, சில நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

துக்கம் இதயத்தைத் தாக்கும் என்பதும் உண்மைதான். டாகோட்சுபோ என்று ஒரு நோய் உண்டு. பேரதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் நுனிப்பகுதி திடீரென்று பலமிழந்து உப்பிவிடும். 1990இல் ஜப்பானிய டாக்டர்கள், ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. அதையும் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், வீட்டில் முடிவு செய்யக் கூடாது.

டாக்டர் போகலாம் என்று சொன்ன பிறகும் 5 மணி வேண்டாம். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் அந்தக் குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி பிரஷர் ஏறும். வெயில் வந்த பிறகு, மேடு குறைவான ரோட்டில், காதை மூடிக்கொண்டு நடங்கள்.

கேள்வி (குன்னூர், வயது 64): அவர் காலமானதும் மதுரையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது.

குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். மதுரையில் ஒரு மூச்சில் கிடைத்த ஆக்சிஜனில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இங்கே குறைவு. இரண்டு வாரம் உடம்புக்கு அவகாசம் கொடுங்கள். அதன் பிறகும் வாங்கினால் ரத்தசோகை, தைராய்டு, இதயம் மூன்றையும் பாருங்கள். சிம்ஸ் பார்க்கில் இறங்கிப் போவது சுகமாக இருக்கும், ஆனால் திரும்பி ஏற வேண்டும். முதல் மாதம் பாதி தூரத்தோடு திரும்பிவிடுங்கள்.

கேள்வி (மஞ்சூர் பக்கம், வயது 67): 35 வருடம் கொழுந்து பறித்தவள் நான். மலையெல்லாம் ஏறி இறங்கின காலுக்கு இனி என்ன எக்சர்சைஸ்? இப்போது இறங்கும்போது முட்டி வலி உயிர் போகிறது.

அம்மா, நீங்கள் உழைத்த உழைப்பில் கால் பங்குகூட நான் உழைத்ததில்லை. ஆனால் பலத்தைச் சேர்த்து வைக்க முடியாது, வேலையை விட்டதும் குறையத்தான் செய்யும். அதோடு வருடக்கணக்காகக் குனிந்து பறித்து, மூட்டை சுமந்த முதுகும் முட்டியும் தேய்ந்திருக்கும்.

இறக்கத்தில்தான் முட்டிக்குச் சுமை அதிகம். அதனால் ஏற்றத்தில் நடந்து போங்கள், திரும்பும்போது பஸ்ஸில் இறங்குங்கள். இறங்கியே ஆக வேண்டும் என்றால் கையில் கம்போடு, அடியைச் சின்னதாக வைத்து, சாலையில் கொஞ்சம் வளைந்து வளைந்து வாருங்கள்.

வீட்டில் இரண்டு பயிற்சி. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது ஒன்று, பத்து முறை. மேடையில் ஒரு விரல் மட்டும் தொட்டபடி ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்பது இன்னொன்று. வாரம் மூன்று நாளாவது செய்யுங்கள். மழையில் வழுக்கும் படியில் உங்களைக் காப்பாற்றப் போவது இந்த இரண்டும்தான்.

சாப்பாடும் முக்கியம். தனியாகிவிட்ட பெண்கள் டீயும் பன்னுமாகவே பொழுதைத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். சதை வளர, உடம்பின் ஒரு கிலோ எடைக்குத் தினமும் ஒரு கிராம் புரதமாவது வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம்தான் இருக்கிறது. அவரை, பட்டாணி, பயறு, மோர் என்று சேர்த்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி (கூடலூர், மகன்): அப்பாவை நடக்கச் சொன்னால் போக மாட்டேன் என்கிறார்.

சொல்லாதீர்கள் தம்பி, வேலை கொடுங்கள். பால் வாங்குவது, பேரனைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவது. அவருக்காக ஓர் ஆள் காத்திருக்க வேண்டும். இரண்டு மாதமாகியும் சாப்பிடாமல், குளிக்காமல் படுத்தே கிடந்தால் மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

கேள்வி: இன்சுலின் போடுகிறேன், நடக்கலாமா?

தாராளமாக. வெறும் வயிற்றில் வேண்டாம், பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வழியில் காட்டுமாடு நின்றால்?

நின்றுவிடுங்கள். பின்வாங்கி வேறு வழியில் போங்கள், விரட்டவோ போட்டோ எடுக்கவோ வேண்டாம். கரடி நடமாட்டம் உள்ள டீத் தோட்டப் பாதைகளில் இருட்டில் போகவே வேண்டாம்.

கேள்வி (கோத்தகிரி, வயது 59): நேற்று நடந்து முடித்தபோது மனசு லேசாக இருந்தது. உடனே, அவர் இல்லாமல் எனக்கு எப்படி இது வந்தது என்று அழுதுவிட்டேன். இது சரியா அக்கா?

சரிதான் கண்ணு. நடந்தால் மனசு லேசாவது உடம்பின் வேலை, அவரை மறந்துவிட்டதற்கு அடையாளம் இல்லை. அழுகை வந்தால் ஓரமாக நின்று அழுதுவிட்டு நடங்கள். எங்கள் வீட்டில் 42ஆவது படிக்குப் பக்கத்தில் அவர் உட்காரப் போட்ட ஒரு கல் இருக்கிறது. தினமும் ஏறி முடித்ததும் அதில் இரண்டு நிமிடம் உட்காருகிறேன். சில நாள் கண் கலங்கும், சில நாள் டீத் தோட்டத்தில் மூடுபனி விலகுவதைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவேன். செவ்வாய், வியாழன் காலை 8 மணிக்கு அங்கே இருப்பேன், நீங்களும் வாருங்கள்.