மில்லில் மாட்டிய கருவியைத் திறந்து பார்த்தால்?

கேள்வி: அண்ணாச்சி, நாங்கள் பாளையங்கோட்டையில் இரண்டு நண்பர்கள். ஓடுகிற அரிசியைக் கேமராவில் பார்த்து நொய், பழுப்பு, கல் எவ்வளவு என்று சொல்லும் ஏஐ கருவி செய்திருக்கிறோம். அம்பாசமுத்திரத்தில் இரண்டு ரைஸ் மில்களில் சோதித்தாயிற்று. அடுத்த மாதம் ஒரு கண்காட்சியில் வைக்கப் போகிறோம். பேட்டன்ட் எடுக்கலாமா, ரகசியமாகவே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முதலில் கண்காட்சியைத் தள்ளிப்போடுங்கள் தம்பி. ஊரறியக் காட்டிவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால், நீங்கள் காட்டியதே உங்களுக்கு எதிராக நிற்கும். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு 12 மாதச் சலுகை உண்டு. உங்களுடையது அதில் சேரும் என்று நம்பி இறங்காதீர்கள்.

அடுத்து, கருவி மொத்தத்துக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டியதில்லை. மில்காரர் கையில் போய்ச் சேர்வதை யாராவது திறந்து பார்ப்பார்கள். கேமரா எந்தக் கோணத்தில், விளக்கு எங்கே, தவிட்டுத் தூசியை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதெல்லாம் ஒரு மதியத்தில் தெரிந்துவிடும். அதை ரகசியம் என்று சொல்லிப் பயனில்லை, பேட்டன்ட் அதற்குத்தான். ஏற்கெனவே மில்களில் நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் சார்டெக்ஸ் மெஷின் ஓடுகிறதே, அதைவிட என்ன புதிது என்பதை மட்டும் தெளிவாக எழுத வேண்டும்.

படத்தைப் பார்த்து முடிவு சொல்கிற ஏஐ மாடலின் கதை வேறு. 1970ஆம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு, வெறும் அல்காரிதத்துக்கும் கணினி நிரலுக்கும் பேட்டன்ட் தராது. தொழில்நுட்ப விளைவு இருந்தால் கணினி சார்ந்த கண்டுபிடிப்பையும் பரிசீலிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019இல் சொன்னது உண்மைதான். ஆனாலும் நீங்கள் சேர்த்த படங்கள், அவற்றுக்கு இட்ட குறிப்புகள், மாடலின் எடைகள் (பயிற்சியில் அது கற்றுக்கொண்ட எண்கள்) ஆகியவற்றை வெளியே விடாதீர்கள். அவை உங்கள் சர்வரிலேயே இருக்கட்டும். பேட்டன்ட் என்றால் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டும். 20 ஆண்டில் அது ஊர்ச்சொத்து. நம்மூர் அல்வாக்காரர்கள் யாரும் அந்த வழிக்குப் போகவில்லை, கவனித்தீர்களா?

ரகசியத்திலும் ஓட்டை உண்டு. இன்னொருவர் தானாகவே அதே வழியைக் கண்டுபிடித்தால் தடுக்க முடியாது. இதற்கென்று தனிச் சட்டமும் இங்கே இன்னும் இல்லை, ஒப்பந்தம்தான் துணை. வேலையை விட்டுப் போகிறவரை 'போட்டி நிறுவனத்தில் சேராதே' என்று கட்டிப்போட ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு விடாது. ரகசியம் காக்கும் ஒப்பந்தம் செல்லும். அதை வேலைக்குச் சேரும் நாளிலேயே வாங்குங்கள்.

முடிவெடுக்க நேரம் வேண்டுமென்றால் தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பு என்ன என்பதை முதற்கட்டமாக எழுதி, விண்ணப்பித்துவிடுங்கள். தனிநபருக்கும் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைனில் 1,600 ரூபாய்தான். வக்கீல் செலவு தனி. முழு விவரக்குறிப்பு தர 12 மாதம் கிடைக்கும். தராமல் விட்டால் விண்ணப்பம் கைவிடப்படும், அதிலுள்ளதும் வெளியாகாது. முழு விவரக்குறிப்பும் கொடுத்தால், முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து 18 மாதத்தில் எல்லோரும் படிக்கலாம்.

ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு மில்களிலும் எடுத்த படங்கள் யாருக்குச் சொந்தம் என்று எழுதி வாங்கினீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே அம்பாசமுத்திரம் போய்வாருங்கள்.