கேட்கத் தெரிந்த பிள்ளை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில், என் அம்மாவுடனும் மகனுடனும் வசிக்கிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மகனுக்கு வருகிற நவம்பரில் ஐந்து வயது நிறைகிறது; அடுத்த ஆண்டு அரசாங்கப் பாடசாலையொன்றில், தமிழ் மொழிமூலத்தில், முதலாந் தரத்துக்குப் போகவேண்டும். அவனுடைய மொண்டிசூரியில் மற்றப் பிள்ளைகள் நூறு வரை எழுதுகிறார்கள். இவன் ‘அ’ எழுதப் பென்சிலைப் பிடித்து ஐந்து நிமிடத்தில் கை வலிக்கிறது என்று எறிந்துவிடுகிறான். பக்கத்து ஒழுங்கையில், முதலாந் தரத்துக்கென்றே பிள்ளைகளைத் தயார் செய்யும் ஒரு ரீச்சர் இருக்கிறார். கிழமையில் மூன்று நாள் அவரிடம் அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். என் அம்மா ஊட்டினால்தான் சாப்பிடுகிறான், அதுவும் தொலைபேசியில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குழப்படி செய்தால், “பொறு, பெரிய பள்ளிக்கூடத்தில் ரீச்சர் உனக்கு நல்ல பாடம் படிப்பிப்பா” என்று அம்மா சொல்லுவார். அதனாலோ என்னவோ, பள்ளிக்கூடம் என்றாலே அவன் முகம் மாறிவிடுகிறது. இரவு அப்பாவுடன் கதைத்துவிட்டுப் படுக்க ஒன்பதரை ஆகிறது. பாடசாலையின் நேர்முகத் தேர்வுக்கு இப்போது அழைப்பு வந்திருக்கிறது. மிச்சமிருக்கும் இந்த நான்கு மாதங்களில் நான் என்ன செய்யவேண்டும்?

ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

நேர்முகத் தேர்வு என்ற சொல்லே உங்களை அதிகம் பயப்படுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். அங்கே பரிசோதிக்கப்படப்போவது உங்கள் மகன் அல்லன். வீட்டு உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர், மின்கட்டணப் பட்டியல், வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் வேறு எத்தனை பாடசாலைகள் இருக்கின்றன என்பது போன்றவையே பார்க்கப்படும். அனுமதிக்கான புள்ளித்திட்டத்தில், ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பதைத் தவிர, பிள்ளையிடமிருந்து எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை. அவன் எழுதுவான் என்பதற்கோ எண்ணுவான் என்பதற்கோ ஒரு புள்ளியும் கிடையாது. கொழும்பில் நான் பார்த்த பல வீடுகளில், அந்தப் பத்திரங்களுக்காக மாதக்கணக்கில் அலைந்த பெற்றோரின் பதற்றம், பத்திரங்கள் ஒப்படைக்கப்பட்ட மறுநாளே பிள்ளையின் கொப்பி மேல் இறங்கிவிடுகிறது. அலைச்சல் உங்களுடையது; அது உங்களோடு முடியட்டும்.

முதலாந் தரத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொண்டால் மனம் கொஞ்சம் ஆறும். 1990களின் பிற்பகுதியில் நடந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலாம் இரண்டாம் தரங்களை ஒரே கட்டமாக வைத்து, அந்தக் கட்டத்தில் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கே கூடுதல் இடமும், மேசையில் அமர்ந்து செய்யும் வேலைக்குக் குறைந்த இடமும் கொடுத்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளை முதல் நாட்களில் ஆசிரியைகள் விளையாட்டின் ஊடாகக் கவனித்து, யாருக்கு எது தெரியும், யார் எதில் தயங்குகிறார் என்று இனங்காண்பதும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு எழுத்துக் கற்பிப்பதற்காகவே அந்த வகுப்பு இருக்கிறது. 1945இல் இலவசக் கல்வியைத் தொடங்கிய நாடு இது. 1980 முதல் பாடநூலையும் 1993 முதல் சீருடைத் துணியையும் கொடுத்து, பிள்ளை வந்தால் போதும் என்று சொன்ன நாடு. அந்தப் பிள்ளையை நாம் பாடத்தை முடித்துக்கொண்டு வாசலுக்கு வரச்சொல்வது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. ஒழுங்கை ரீச்சரிடம் அனுப்பவேண்டாம் என்பதே என் பதில்.

கை வலிக்கிறது என்று அவன் சொல்வதை நம்புங்கள். வளர்ந்த ஒருவரின் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் இருக்கின்றன. ஐந்து வயதில் அவற்றுள் சில இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன, கடைசி எலும்பு உருவாகத் தொடங்க எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை ஆகும். விரலில் வலு ஏறாத பிள்ளை பென்சிலை முஷ்டியால் அழுத்திப் பிடிக்கிறான், அழுத்துவதால் நோகிறது, நோவதால் எறிகிறான். நம்முடைய முன்னோர் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் கையில் எழுதுகோலைக் கொடுக்கவில்லை. தாம்பாளத்தில் பச்சையரிசியைப் பரப்பி, விரலைப் பிடித்துப் பெரிதாக ‘அ’ எழுதுவித்தார்கள். விஜயதசமிக்கு நீங்களும் அப்படிச் செய்திருப்பீர்கள், ஆனால் அன்றைக்கே அரிசியை அள்ளிவிட்டிருப்பீர்கள். அந்தத் தாம்பாளத்தை இந்த நான்கு மாதமும் வீட்டில் வைத்திருங்கள். மாலையில் தண்டவாளத்தைக் கவனமாகக் கடந்து கடற்கரைக்குக் கூட்டிச்சென்று ஈரமணலில் குச்சியால் கீற விடுங்கள். நேர்கோடுகள் மிகுந்த ‘ட’, ‘ப’, ‘ம’ ஆகியவை வளைவுகள் நிறைந்த ‘அ’வை விட அவன் கைக்கு எளியவை, படம், மடம், பட்டம் என்று சொற்களும் உடனே கிடைக்கும். சமையலறையில் பயற்றங்காய் முறிக்கவும், பிட்டுக்கு மா குழைக்கவும், கைக்குட்டையைப் பிழிந்து கிளிப் போட்டுக் காயவிடவும் அவனை விடுங்கள். பென்சில் பிடிக்கத் தேவையான வலு அங்கேதான் வருகிறது. நூறு வரை சொல்வதை விட, சாப்பாட்டுக்கு மூன்று பேர் என்றால் மூன்று கோப்பை எடுத்து வைப்பது அவனுடைய கணக்குக்கு நல்ல தொடக்கம்.

கொழும்பில் நாங்கள் எல்லா முன்பள்ளியையும் மொண்டிசூரி என்றே அழைக்கிறோம். அந்தப் பெயருக்குரிய மரியா மொண்டிசூரி அம்மையார் 1944இல் இலங்கைக்கு வந்து இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர். பிள்ளை பொத்தான் பூட்டுவதையும், ஒரு சாடியிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதையும், சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவுவதையும் அவர் பாடமாக வைத்தார். அவருடைய பெயரைத் தாங்கிய இடங்களில் நான்கு வயதுப் பிள்ளைகள் கொப்பியில் நூறு வரை நிரப்புவதைப் பார்க்கும்போது, எழுத்துக்கு முன் கைக்கும், கைக்கு முன் வாய்க்கும் ஒரு பயிற்சி தேவை என்பதை நாம் மறந்துவிட்டோம் என்று தோன்றுகிறது.

வாய் என்று சொன்னது ஏன் என்பதை விளக்க, என் வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். என் மகள் முதலாந் தரத்துக்குப் போனபோது வாசிக்கத் தெரிந்தே போனாள். எனக்கு அதில் பெருமையும் இருந்தது. முதல் கிழமை முழுவதும் அவளுடைய தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோனபடியே நிறைந்து திரும்பி வந்தது. தாகமில்லையா என்று கேட்டால் தலையை ஆட்டுவாள். வெள்ளிக்கிழமை மாலை காய்ச்சலோடு படுத்திருந்தபோதுதான் சொன்னாள், போத்தலின் மூடி இறுக்கமாக இருந்ததாம், திறக்க முடியவில்லையாம். ரீச்சரிடம் கேட்டிருக்கலாமே என்றேன். “என்னெண்டு கேக்கிறது?” என்று திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வீட்டில் அவள் அதுவரை எதையும் கேட்க நேர்ந்ததே இல்லை. அவள் போத்தலைப் பார்த்தாலே நான் திறந்துகொடுத்துவிடுவேன். அவளுக்கு 247 எழுத்தும் தெரிந்திருந்தது. தன்னுடையவர் அல்லாத ஒரு பெரியவரிடம் போய் நின்று, தனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லும் ஒரு வசனம் தெரிந்திருக்கவில்லை. குற்றம் முழுக்க என்னுடையது. அந்த ஆசிரியையிடம் முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள்.

தொடர்மாடிப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக நேர்கிறது. முற்றம் இல்லை, வேலிக்கு அப்பால் கூப்பிட ஆளில்லை, கடைக்கு ஓடும் வேலை இல்லை. லிப்டில் பொத்தானை அழுத்துவதும் நாம், கதவைத் திறப்பதும் நாம், சப்பாத்தைக் கழற்றுவதும் நாம். அன்பினால் செய்கிறோம், அவசரத்தினாலும் செய்கிறோம். உங்கள் அம்மா ஊட்டுவதையும் நான் குறை சொல்லமாட்டேன். கணவர் தூர இருக்கும் வீட்டில் பேரனை வளர்த்துத் தரும் கைகள் அவை. ஆனால் தொலைபேசியைப் பார்த்தபடி வாய்க்குள் வந்ததை விழுங்கும் பிள்ளைக்குத் தன் பசி எப்போது தொடங்கியது, எப்போது அடங்கியது என்பதே தெரியாமற் போகிறது. பசி தெரியாதவனால் பசிக்கிறது என்று எப்படிச் சொல்லமுடியும்? ஆகவே முதல் வேலை காலைச் சாப்பாட்டிலிருந்து தொடங்கட்டும்: பாடசாலைக்குக் கொண்டுபோகப்போகும் அதே பெட்டியில், அவன் தானே திறக்கக்கூடிய மூடியோடு, அவன் கையால். சிந்தும், நேரம் எடுக்கும், முதல் சில நாள் பாதி வயிற்றோடு எழும்புவான். அம்மம்மா பக்கத்தில் இருந்து தன்னுடைய கோப்பையில் சாப்பிடட்டும். அவனோடு சேர்ந்து சாப்பிடுவது அவருக்கும் பிடித்துவிடும்.

இரண்டாவது, கழிப்பறை. இதை நாகரிகம் கருதி யாரும் எழுதுவதில்லை, ஆனால் முதலாந் தரப் பிள்ளைகளின் கண்ணீரில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. வீட்டில் கொமட்டில் மட்டும் இருந்து பழகிய பிள்ளைக்கு, பாடசாலையில் குந்தியிருக்கும் கழிப்பறையும் வாளியும் இருந்தால் உள்ளே போகவே பயம் வரும். பகல் முழுவதும் அடக்கிக்கொண்டிருப்பான். பாடசாலையில் எது இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், தேவையானால் ஊருக்கோ உறவினர் வீட்டுக்கோ போகும்போது பழக்குங்கள். நீலக் காற்சட்டையை முன்னதாகவே தைத்து, கொழுவியையும் சிப்பையும் அவனே கழற்றிப் பூட்டும்வரை வீட்டில் போடச்செய்யுங்கள். வீட்டுக்குள் வழங்கும் செல்லச் சொல்லை விட்டு, “ரீச்சர், நான் ரொய்லட்டுக்குப் போகவேணும்” என்ற முழு வசனத்தை, கேட்கும் குரலில், அவன் வாய்க்குப் பழக்கமாக்குங்கள். மொண்டிசூரி ஆசிரியையிடம், நீங்கள் பேசாமல், அவனைப் பேசவிடுங்கள். கீழே கடையில் பிஸ்கட் வாங்கும்போது இரண்டடி பின்னால் நில்லுங்கள். முதல் தடவை உங்கள் சேலையைப் பிடித்து இழுப்பான். கடைக்காரர் உங்களைப் பார்ப்பார். நீங்கள் மகனைப் பாருங்கள்.

இப்போது உங்கள் அம்மாவின் அந்த வாக்கியத்துக்கு வருகிறேன், ஏனெனில் மேலே சொன்ன எல்லாவற்றையும் அது ஒன்றே குலைத்துவிடக்கூடியது. யாரிடம் உதவி கேட்கவேண்டும் என்று நாம் பழக்குகிறோமோ, அவரையே வீட்டில் பூச்சாண்டியாகக் காட்டினால், போத்தல் திறக்காதபோது பிள்ளை யாரிடம் போவான்? மாணவரை அடிப்பதைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் சுற்றுநிருபத்தில் தடைசெய்திருக்கிறது. ஆனால் அடி விழும் என்ற எண்ணமே பிள்ளையின் வாயைக் கட்டப் போதுமானது. அம்மாவிடம் தனியாக, அவருக்கு மனம் நோகாமல், இதைச் சொல்லுங்கள். குழப்படிக்கு வேறு வழி பார்க்கலாம். “ரீச்சருக்கு இந்தக் கதையைச் சொல்லு, அவவுக்கும் விருப்பமாயிருக்கும்” என்று அம்மம்மாவே ஒரு நாள் சொன்னால், அவன் முகம் மாறுவதை நீங்கள் பார்ப்பீர்கள்.

முதல் நாட்களில் அழுவான், அழட்டும். அவன் வேறு பக்கம் பார்க்கும்போது நழுவிவிடாதீர்கள், அப்படிப் போனால் மறுநாள் உங்கள் கையை விடவே மாட்டான். எத்தனை மணிக்கு வருவேன் என்பது அவனுக்குப் புரியாது. “சாப்பிட்டு, விளையாடி, மணி அடிச்சவுடன அம்மா வாசலில நிப்பன்” என்பது புரியும். சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றுகொண்டிருங்கள், பாடசாலை வான் வண்டி ஏற்பாடு செய்திருந்தாலும் முதல் இரண்டு கிழமைக்கு வேண்டாம். இடையில், அவனுக்கு ஐந்து வயது ஊசி போடப்போகும்போது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பழக்கமோ தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் நிற்கும் பழக்கமோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிக் காதையும் கண்ணையும் பார்த்துவிடுங்கள். கவனமில்லாத பிள்ளை என்று வகுப்பில் பெயரெடுத்த சிலருக்குக் காது கேட்கவில்லை என்பது பிறகே தெரியவந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கடைசியாக நித்திரை. இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும். பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது, காலி வீதியின் காலை நெரிசலையும், அவன் தன் கையால் சாப்பிட எடுக்கும் நேரத்தையும் கணக்கிட்டால் 5.45க்கு எழும்பவேண்டும், அதாவது இரவு 7.45க்குள் படுக்கவேண்டும். கணவருடைய அழைப்பு இந்தக் கணக்கில்தான் இடிக்கிறது. அவர் வேலை முடிந்து ஆறு மணிக்கு எடுத்தால் இங்கே எட்டரை ஆகிவிடும். கட்டார் நம்மை விட இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், அவருடைய பகல் 12 மணி இடைவேளை நமக்குப் பிற்பகல் 2.30, மகன் பாடசாலையால் வந்து, குளித்து, சாப்பிட்டிருக்கும் நேரம். கணவருடைய வேலை இடம் கொடுத்தால், அழைப்பை அந்த நேரத்துக்கு இப்போதே மாற்றிப் பழகிக்கொள்ளுங்கள். அன்று பள்ளிக்கூடத்தில் நடந்ததை அவன் அப்பாவுக்குத் தானே சொல்லட்டும். சொல் தேடித் தடுமாறுவான், நடுவில் நிறுத்துவான், நடக்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லுவான். பக்கத்தில் இருந்து நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா