தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் மகனுக்குப் பள்ளியில் இடம் மறுப்பு

சகோதரி, ஆட்டிசம் உள்ள மகனுக்குப் பரீட்சை வைத்துப் பார்த்துவிட்டு, "சிறப்புப் பள்ளிக்குக் கொண்டுபோங்கள்" என்று அந்த அரசுப் பள்ளியில் வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்கிறீர்கள். சேர்க்கைக்குப் பரீட்சை வைப்பதே தப்பு. 1996ஆம் ஆண்டுத் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். தாள் கையில் இருந்தால்தான் மாகாணக் கல்வி அமைச்சரிடம் போகும் மேல்முறையீடு வலுவாக நிற்கும்.

சிறப்புத் தேவைக் கல்வி பற்றி அரசு வெளியிட்ட 2001இன் ஆறாம் வெள்ளை அறிக்கையைக் காட்டி வாதாட வேண்டாம். நல்ல அறிக்கைதான், ஆனால் கொள்கை, சட்டமல்ல. பள்ளிகள் சட்டத்தின் 12(4) பிரிவைக் காட்டுங்கள்: நியாயமாக முடிகிற இடத்தில் சாதாரணப் பள்ளியிலேயே சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி தரவேண்டும் என்கிறது. "முடியாது" என்று தப்பிக்க அதிலேயே வழி இருப்பதுதான் எரிச்சல்!

சேர்ந்த அப்புறம், பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று கண்டறிந்து தருவதற்கான 2014இன் சியாஸ் (SIAS) கொள்கைப்படி, அந்தத் தேவைகளைக் குறித்து ஆசிரியர் நிரப்பும் எஸ்என்ஏ 1 (SNA 1) படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிவையுங்கள்.