தெரபி வார்டுல செஞ்ச அம்மா வீட்ல ஏன் செய்ய மாட்டேங்கறாங்க?

மதுரை பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அம்மாவுக்கு 61 வயசு, ஸ்ட்ரோக்ல வலது கை கால் பலவீனம். தெரபி வார்டுல இடது கையால சாப்பிட்டாங்க, வாக்கர் பிடிச்சு பாத்ரூம் போனாங்க, வீட்டுக்கு வந்ததும் கட்டிலே கதின்னு கிடக்கறாங்க, இது சோம்பலா, இல்ல எக்சர்சைஸ் கூட்டணுமான்னு.

ரெண்டும் இல்லன்னுதான் எனக்கு படுது தம்பி. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வருது, அதை டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. அப்புறம் வீட்டை பாருங்க. ஆக்குபேஷனல் தெரபில, அதாவது சாப்பிடறது, குளிக்கறது மாதிரி அன்றாட வேலைகள திரும்ப செய்ய வைக்கற சிகிச்சைல, ஆள், வேலை, சூழல் மூணையும் சேத்துதான் பாப்போம், உலக சுகாதார நிறுவனம் 2001ல கொண்டுவந்த, ஒருத்தரோட உடல்நலத்தையும் செயல்பாட்டையும் விவரிக்கற ஐசிஎஃப் (ICF) வகைப்பாட்டுலயும் ரோடு, அரசு சேவை, சுத்தி இருக்கறவங்க மனப்பான்மை எல்லாம் கணக்குல உண்டு.

வார்டுல இடது கையில ஸ்பூன் பிடிச்சா தெரபிஸ்ட் பாராட்டுவாங்க. வீட்ல, பாக்க வந்த பெரியம்மா "ஏண்டி, பீச்சாங்கையாலயா சாப்பிடற"ன்னு ஒரு வார்த்தை விட்டிருந்தா அன்னையோட சரி. பரிமாறவும் கூடாது, விளக்கேத்தவும் கூடாதுன்னா மிச்சம் என்ன இருக்கு? இத்தனை வருஷம் அடுப்படி அவங்க கையில இருந்திருக்கும், இப்ப உங்க வீட்டுக்காரம்மா பாசத்துலதான் "நீங்க உக்காருங்க அத்தை"ன்னு சொல்வாங்க, ஆனா அந்த பாசத்துலயே இருந்த ஒரு வேலையும் போயிடுது. காய்கறி வேலைய அவங்ககிட்ட திருப்பி குடுங்க. மரப்பலகையில ரெண்டு ஸ்டீல் ஆணிய அடியிலேர்ந்து அடிச்சு, முனை மேல நிக்கற மாதிரி வச்சு, உருளைக்கிழங்க அதுல குத்தி நிறுத்தினா ஒரே கையால தோல் சீவிடலாம், பலகை நகராம இருக்க அடியில ஈரத்துணி போடுங்க. நேரம் ஆகும், ஆகட்டும், யாரும் பிடுங்கி செய்யாதீங்க.

அடுத்து டேப் எடுத்து பாத்ரூம் கதவ அளங்க. பழைய வீடுகள்ல ரெண்டடி இருந்தாலே அதிகம், வாக்கரும் கிட்டத்தட்ட அந்த அகலம்தான், உள்ள நுழையாது. நிலைப்படி, இந்தியன் டாய்லெட், வழுக்கற தரை இதெல்லாம் இருந்தா எந்த எக்சர்சைஸும் உதவாது. கைப்பிடி ஒண்ணு, கமோட் சேர் ஒண்ணு, முதல்ல அது.

வெளிய போறது தனி கதை. அரசு சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு 2021லேர்ந்து டிக்கெட் கிடையாது, சந்தோஷம், ஆனா முதல் படியே முழங்கால் உயரத்துல இருந்தா அம்மாவுக்கு அந்த இலவசத்தால என்ன பிரயோஜனம்? (நைட்டியோட தெருவுக்கு வரமாட்டேன்னு அவங்க சொன்னா அதுவும் நியாயமான காரணம்தான், புடவைய முன்னாடியே மடிப்பு தைச்சு குடுங்க.) பலவீனம் நிக்குதுன்னா மாற்றுத்திறனாளி சான்றுக்கு அரசு ஆஸ்பத்திரில கேளுங்க, பெரும்பாலான சலுகைக்கு குறைபாடு 40 சதவீதமாவது இருக்கணும். வீட்டுக்கே ரேஷன் வர்ற திட்டத்துக்கும் அப்படியே ரேஷன் கடையில விசாரிச்சிடுங்க.