மரக்கறி ஏற்றும் பழைய கெப்புக்கு எந்த பிரேக் பேட்?

செமி மெட்டலிக் (உலோகத் துகள் கலந்த) பேட் போடுங்க. கண்டியில மரக்கறி ஏற்றிக்கொண்டு மகியங்கனைப் பாதையில இருக்கிற பதினெட்டு வளைவு மலை இறக்கத்தால இறங்கி மட்டக்களப்புக்கு வாற கெப்புக்கு அதுதான் சரி. சத்தமும் தூசியும் கொஞ்சம் கூட, ஆனா சூட்டைத் தாங்கும்.

இடது முன்சில்லில் உள்பக்கப் பேட் மட்டும் தேய்ஞ்சிருக்கு என்றீங்களே, அது பேட்டின் பிழையில்ல. பெரும்பாலும் கெலிப்பரின் (பேட்டை டிஸ்க்கில அழுத்துற பகுதியின்) ஸ்லைட் பின், அதாவது கெலிப்பர் அசைந்து ஓட உதவுற கம்பி, இறுகியிருக்கும். எங்கட கரையோர உப்புக்காற்றுக்கு இது கெதியா நடக்கும். கழற்றி, கையால தள்ளிப் பாருங்க. லேசா ஓடாட்டி துருவைத் துடைச்சு, பிரேக்குக்கான சிலிக்கன் கிரீஸ் பூசுங்க. இதைச் செய்யாமல் புதுப் பேட் போட்டா அதுவும் அப்படியேதான் தேயும்.

இரண்டு முன்சில்லுக்கும் சேர்த்தே மாற்றுங்க. டிஸ்க்கின் (சில்லோட சுத்துற, பேட் பிடிக்கிற தட்டின்) தடிப்பையும் அளக்கணும். ஆகக் குறைந்த அளவு அதிலேயே பொறிச்சிருக்கும்.

ஒன்று கவனம்: பழைய பேட்டில் அஸ்பெஸ்டஸ் (மூச்சோட உள்ளே போனா நுரையீரலைக் கெடுக்கிற நார்) இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதவே வேண்டாம், ஈரத்துணியால துடையுங்க.