பின்னிய பொம்மையில் ஃப்ரிடாவின் சாயல் வர என்ன செய்யலாம்?

கேள்வி: மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோவின் பொம்மையை, ஓர் அமெரிக்கப் பேட்டர்ன் பார்த்து உல்லன் நூலில் பின்னினேன். 3-ஆம் நம்பர் ஊசி என்று போட்டிருந்தது. கடையில் கொடுத்த 3-ஆம் நம்பர் மிகத் தடியாக இருந்ததால், நூல் லேபிளில் சொன்ன 4 மி.மீ. ஊசியிலேயே பின்னிவிட்டேன். தலை உப்பி, பஞ்சு வெளியே தெரிகிறது. முகமும் ஏதோ குழந்தை முகம்போல இருக்கிறது. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். தலையையும் கைகளையும் மட்டும் மறுபடி பின்னுங்கள். மற்றதை உடை மறைத்துவிடும்.

குழப்பம் ஊசி நம்பரில்தான். அமெரிக்க 3-ஆம் நம்பர் என்பது 3.25 மி.மீ. நம் கடைகளில் இன்னும் புழங்கும் பழைய பிரிட்டிஷ் கணக்கில் அதே ஊசி 10-ஆம் நம்பர். அந்தக் கணக்கின் 3-ஆம் நம்பரோ 6.5 மி.மீ. அதனால் மி.மீ. அளவைச் சொல்லியே ஊசி கேளுங்கள். நூல் லேபிளில் இருப்பது ஸ்வெட்டருக்கான அளவு. டிகே எனப்படும் நடுத்தரத் தடிமன் நூலை 4 மி.மீ. ஊசியில் பின்னினால் 10 செ.மீ.க்குச் சுமார் 22 ஸ்டிச் வரும். துணி தளர்வாக, உடுத்த இதமாக இருக்கும். பொம்மைக்கு அந்தத் தளர்வு ஆகாது. பஞ்சை அடைத்ததும் ஸ்டிச்கள் விரிந்து இடைவெளி விழும். 3.25 அல்லது 3 மி.மீ. ஊசியில் இறுக்கமாகப் பின்னுங்கள். பிரிக்க மனம் வரவில்லையென்றால், தோல் நிறத்தில் பழைய ஸ்டாக்கிங் துண்டு ஒன்றைத் தலைக்குள் உறைபோலப் போட்டு, அதற்குள் பஞ்சை அடையுங்கள். வெள்ளை தெரியாது.

இனி முகம். பஞ்சு அடைத்து முடித்த பிறகே முகத்தைத் தையுங்கள். முன்பே தைத்தால் எல்லாம் இடம் மாறிவிடும். கண்கள் தலையின் பாதி உயரத்துக்குக் கீழே இறங்கினால் குழந்தை முகம் வந்துவிடும். உங்களுக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்கும். சரியாகப் பாதியில், சின்னதாக வையுங்கள். முதலில் குண்டூசி குத்தி, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.

புருவத்தைக் கண்ணுக்கு முன்பே போட்டுவிடுங்கள். கறுப்பு எம்பிராய்டரி நூலில் மூன்று இழை எடுத்து, மூக்குக்கு மேலே தொடங்கி இரண்டு பக்கமும் பேக் ஸ்டிச்சில் போங்கள். நடுவில் லேசாகத் தாழ்ந்து, ஒரே கோடாக இணைந்திருக்க வேண்டும். அழகுக்காக இதை மெலிதாக்கிவிடாதீர்கள். 2018-இல் வந்த ஃப்ரிடா பார்பிக்கு அந்த இணைந்த புருவம் இல்லையே என்று பலத்த விமர்சனம் எழுந்தது. குடும்பத்தினர் வழக்குப் போட, மெக்சிகோ நீதிமன்றம் அங்கே அதன் விற்பனையை நிறுத்தியது. தன் மேலுதட்டு ரோமத்தைக்கூட மறைக்காமல் வரைந்தவர் அவர். வாயில் சிரிப்பு வேண்டாம்; சிறிய, நேரான சிவப்புக் கோடு போதும். சுய உருவப்படங்களில் அவர் நம்மை நேராகப் பார்க்கிறார், சிரிப்பதில்லை.

தலைமுடி வைக்கும் முன் மண்டைப் பகுதியைக் கறுப்பு நூலால் நிரப்பித் தைத்துவிடுங்கள், இடைவெளியில் தோல் நிறம் எட்டிப் பார்க்காது. நடுவகிடு எடுத்து, இரண்டு சடை பின்னி, தலைக்கு மேலே கொண்டுவந்து தையுங்கள். அதன்மேல் பெரிய பூக்கள். குரோஷாவில் போட்டால் நன்றாக நிற்கும்.

உடைக்கு அவர் விரும்பி அணிந்த தெவானா பாணி: மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்தில் உள்ள தெவாந்தெபெக் பகுதிப் பெண்களுடையது. சதுரமாக வெட்டிய குட்டை மேல்சட்டை, தரை தொடும் பாவாடை, அடியில் வெள்ளைச் சுருக்கு லேஸ். ஆறு வயதில் வந்த போலியோவால் அவருடைய வலது கால் மெலிந்திருந்தது. நீளப் பாவாடை அதை மறைத்தது. அதனால் பாவாடையைக் குறைக்காதீர்கள். பொம்மையின் கால்கள் கொஞ்சம் கோணலாக வந்திருந்தாலும் கவலையில்லை.

அப்புறம், மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கென்றால் மணி, பட்டன் எதுவும் வேண்டாம். கம்மலையும் மாலையையும் நூலிலேயே தைத்துக் கொடுங்கள்.